முதல் விமான கேடட் ஸ்குவாட்ரனும் தொப்பியில் எடுத்த எண்ணும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

என்.சி.சி. என்றால் நம்மில் பலருக்குக் காக்கி உடையும், பரேடும், பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்கும்தான் நினைவுக்கு வரும். அதில் விமானப் பிரிவு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 1950 ஏப்ரல் 1 அன்று பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆளுக்கொரு ஸ்குவாட்ரனாக அது தொடங்கியது. இதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் பள்ளிப் பையன்களுக்கான விமான கேடட் படை பிறந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1938ஆம் ஆண்டு. ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டார். அடுத்த போர் வானத்தில்தான் நடக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். விமானம் கட்டப் பணம் இருந்தால் போதும், விமானிக்கு எங்கே போவது? இப்படி யோசித்தவர் ஷாமியர் என்ற ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. இளம் வயதில் இந்தியத் தரைப்படையில் பணியாற்றிவிட்டுப் பிறகு விமானத்துக்கு மாறியவர். ஊருக்கு ஒரு ஸ்குவாட்ரன், ஒவ்வொன்றிலும் சுமார் 100 பையன்கள், இப்படி 200 ஊர்களில் 20,000 பேர் என்பது அவருடைய திட்டம். அரசாங்கம் பணம் தரவில்லை. அந்தந்த ஊர்க்காரர்களே நிதி திரட்டினார்கள். பையன்களும் வாரச் சந்தா கட்டினார்கள்.

முதலாவது ஸ்குவாட்ரன் லெஸ்டர் நகரத்தில் அமைந்தது. காலுறை, பனியன் ஆலைகள் நிறைந்த தொழில் நகரம் அது. நம் திருப்பூரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொடங்கிய 50 ஸ்குவாட்ரன்களுக்கு எண்ணோடு 'எஃப்' என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். 'நிறுவனர்' என்பதைக் குறிக்கும் எழுத்து அது. லெஸ்டர் ஸ்குவாட்ரன் '1எஃப்' ஆனது.

1939இல் போர் வந்ததும் இந்தப் பையன்கள் விமானத் தளங்களில் தகவல் கொண்டு ஓடினார்கள். மணல் மூட்டை நிரப்பினார்கள், விமானங்களைத் தள்ளி நிறுத்த உதவினார்கள். அவர்களுடைய பயனைக் கண்ட அரசாங்கம் 1941 பிப்ரவரி 5 அன்று இதை 'ஏர் டிரெயினிங் கார்ப்ஸ்' என்று அதிகாரபூர்வ அமைப்பாக்கியது. ஒரே மாதத்தில் ஸ்குவாட்ரன்களின் எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. மாலை நேரங்களில் திசையறிதல், மோர்ஸ் தந்தி, வானிலை, எஞ்சின், எதிரி விமானத்தை நிழலுருவம் பார்த்தே அடையாளம் காண்பது எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் ஏராளமானோர் பள்ளி ஆசிரியர்கள். வகுப்பில் கோணமும் முக்கோணமும் பிடிக்காத பையன், அதே கணக்கை வரைபடத்தில் விமானத்தின் பாதையாகப் பார்த்ததும் விழுந்து விழுந்து படிப்பான். நானும் கணக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் இது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இதுவரை மகிழ்ச்சியான கதை. இனிமேல்தான் வேதனை.

1943இல் இங்கிலாந்தில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. சுரங்கத் தொழிலாளிகளைப் படைக்கு அனுப்பிவிட்டதால் சுரங்கத்தில் ஆள் இல்லை. தொழிலாளர் துறை அமைச்சர் எர்னஸ்ட் பெவின் ஒரு வழி கண்டார். படைச் சேவைக்கு அழைக்கப்படும் இளைஞர்களில் ஒரு பகுதியைச் சுரங்கத்துக்கு அனுப்புவது. யாரை அனுப்புவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. 0 முதல் 9 வரை எழுதிய சீட்டுகளைத் தொப்பியில் போட்டு எடுப்பார்கள். பதிவு எண்ணின் கடைசி இலக்கம் அதோடு பொருந்தினால் சுரங்கம்தான். 1943 டிசம்பர் 14 அன்று முதல் குலுக்கலில் வந்தவை 0, 9.

விமானக் குழுவுக்கு ஏற்கெனவே தேர்வானவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் கேடட்டாக இருந்தது மட்டும் விலக்குக்குப் போதாது. பல மாலைகள் வானத்தைப் பற்றியே படித்த பையன்கள், கடைசி இலக்கம் ஒன்றினால் பூமிக்கு அடியில் இறங்கினார்கள். மறுத்தால் அபராதம் அல்லது சிறை. சீருடை கிடையாது. அதனால் தெருவில் நடந்தால் 'போருக்குப் பயந்து ஒளிந்தவன்' என்ற ஏச்சு. போலீஸ்காரர் நிறுத்தி விசாரிப்பார். குலுக்கலில் வந்தவர்கள், தாமே விரும்பி வந்தவர்கள் என 1948 வரை சுமார் 48,000 பேர் இப்படி உழைத்தார்கள். போர் முடிந்தபோது பதக்கமும் இல்லை. 2008இல்தான் உயிரோடிருந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு நினைவுச் சின்னம் வழங்கியது. அப்போது அவர்கள் எண்பதைத் தாண்டிய தாத்தாக்கள்.

நாட்டுக்கு நிலக்கரி வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. கரி இல்லாமல் ஆலை ஓடாது, ஆலை ஓடாமல் விமானமும் இல்லை. என் கேள்வி வேறு. சீட்டுப் போட்டு அனுப்பிய அரசு, அவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன அடையாளத்தையாவது அன்றே கொடுத்திருக்கக் கூடாதா? பிள்ளைகளின் ஆசையைத் தூண்டி உழைக்க வைப்பது எளிது. ஆசை கைகூடாதபோது மரியாதையையாவது காப்பாற்றித் தருவது பெரியவர்களின் கடமை.

நம் நாட்டில் குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948இல் வந்த என்.சி.சி. சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. கேடட்டாக இருக்கிறான் என்பதற்காக மட்டும் எந்த மாணவனையும் போர்ச் சேவைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. ஆசைப்பட்டால் படைக்குப் போகலாம், இல்லாவிட்டால் ஒழுக்கத்தோடு வீட்டுக்குப் போகலாம். பயிற்சிக்கும் கட்டாயத்துக்கும் நடுவே போட்ட இந்தக் கோடு மிக நல்ல கோடு என்பது என் எண்ணம்.

லெஸ்டரில் தொடங்கிய அமைப்பு இன்றும் பிரிட்டன் முழுவதும் நடக்கிறது. 1980களிலிருந்து பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள். போருக்கு ஆள் சேர்ப்பது இப்போது அதன் வேலை இல்லை.

என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்கள் நம் நட்பு வட்டத்தில் யாரேனும் இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கிளைடரிலோ மைக்ரோலைட்டிலோ முதன்முதலாக மேலே போனபோது கீழே தெரிந்தது எந்த ஊர் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.