பரிசுப் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டி: ஒரு வாசகத்தின் வரலாறு

விளம்பர வாசகங்கள் எத்தனையோ வருகின்றன, போகின்றன. பெரும்பாலானவை "வாங்குங்கள், வாங்குங்கள்" என்றுதான் சொல்லும். "அவசரப்பட்டு வாங்காதீர்கள்" என்று சொல்லியே புகழ்பெற்ற வாசகம் ஒன்று உண்டு. "நாய் என்பது வாழ்நாள் முழுமைக்கும், கிறிஸ்துமஸுக்கு மட்டும் அல்ல" என்பதே அது. 1978-ஆம் ஆண்டு பிரிட்டனில் பிறந்த இந்த ஒரு வரி, பண்டிகைக்குச் செல்லப்பிராணியைப் பரிசாகக் கொடுக்கலாமா கூடாதா என்ற விவாதத்தையே மாற்றிப் போட்டது. அதன் பின்னணியையும், பின்னாளில் அதற்கு எழுந்த எதிர்ப்பையும் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிது.

பரிசாக மாறிய நாய்

நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் ஆட்டு மந்தைக்கும் பயன்பட்ட நாய், சாதாரணக் குடும்பங்களில் குழந்தைகளின் செல்லமாகப் பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான். அரண்மனையே இதற்கு முன்மாதிரி! 1833-இல் டேஷ் என்ற ஸ்பானியல் நாய் இளவரசி விக்டோரியாவின் தாயாருக்குப் பரிசாக வந்தது. சில நாட்களிலேயே அது விக்டோரியாவின் நாயாகிவிட்டது. 1838-இல் முடிசூட்டு விழா முடிந்து அரண்மனை திரும்பியதும், மகாராணி டேஷைக் குளிப்பாட்டப் போனார் என்பது பிரபலமான செய்தி.

1848-இல் அரச குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியானது. மரம் வைப்பதும், குழந்தைகளுக்குப் பரிசு கொடுப்பதும் நடுத்தரக் குடும்பங்களிலும் பரவியது. 1859-இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் கென்னல் கிளப் தோன்றியது. 'நல்ல சாதி நாய்' என்பது ஒரு கௌரவப் பொருளாகவும், நாய் வளர்ப்பு ஒரு வியாபாரமாகவும் ஆனது.

வியாபாரம் வளர்ந்த அதே காலத்தில் தெருவில் விடப்பட்ட நாய்களும் கண்ணில் படத் தொடங்கின. 1860-இல் மேரி டீல்பி என்ற பெண்மணி லண்டனின் ஹாலோவே பகுதியில் தொலைந்த, பட்டினி கிடந்த நாய்களுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன. 1871-இல் பேட்டர்சி பகுதிக்கு இடம் மாறிய அந்தக் காப்பகம் இன்றும் நடக்கிறது. 1891-இல், க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி தன் பெயரில் முதன்முதலாக நடந்த அதே ஆண்டில், தேசிய நாய்கள் பாதுகாப்புக் கழகமும் பிறந்தது.

திரைப்படம் கொடுத்த ஆசை

20-ஆம் நூற்றாண்டில் இந்த ஆசைக்கு உருவம் கொடுத்தது சினிமா. 1955-இல் வெளியான டிஸ்னியின் 'லேடி அண்ட் தி டிராம்ப்' படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? கிறிஸ்துமஸ் அன்று ஒரு கணவர் மனைவிக்குத் தொப்பிப் பெட்டி ஒன்றைக் கொடுக்கிறார். மூடியைத் திறந்தால் உள்ளே ரிப்பன் கட்டிய நாய்க்குட்டி! வால்ட் டிஸ்னி தன் மனைவிக்கு அப்படி ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்த அனுபவமே இந்தக் காட்சிக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நாயின் கர்ப்பகாலம் சுமார் 9 வாரம். குட்டி தாயிடமிருந்து பிரிய குறைந்தது 8 வாரமாவது ஆக வேண்டும். ஆக மொத்தம் 17 வாரம். டிசம்பர் 25-இல் குட்டி கையில் இருக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் மாதமே தாய்நாயை இணை சேர்க்க வேண்டும். ஒரே நாளுக்காக ஆயிரக்கணக்கானோர் குட்டி கேட்டால், அதற்கேற்ப 'உற்பத்தி' செய்யும் பண்ணைகள் முளைக்கும். அங்கே தாய்நாய் ஓர் இயந்திரம், அவ்வளவுதான். ஜனவரியில் குட்டி செருப்பைக் கடிக்கும், தரையை நனைக்கும், இரவெல்லாம் அழும். பரிசு கொடுத்த உற்சாகம் வடியும்போது அது காப்பகத்தின் வாசலுக்கோ தெருவுக்கோ போகும்.

1978-இன் ஒரு வரி

இந்தச் சூழலில்தான் தேசிய நாய்கள் பாதுகாப்புக் கழகத்தில் பணியாற்றிய கிளாரிசா பால்ட்வின் அந்த வாசகத்தை உருவாக்கினார். கார்களின் பின்கண்ணாடி ஸ்டிக்கர் வரை அது பரவியது. 'நாயைக் கொடுக்காதே' என்று அது கட்டளையிடவில்லை. நாய் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும் உயிர் என்பதை மட்டுமே நினைவூட்டியது. அதுவே அதன் பலம். பால்ட்வின் பின்னர் அந்த அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். 2003-இல் அமைப்பின் பெயர் 'டாக்ஸ் டிரஸ்ட்' என்று மாறியபோதும் வாசகம் மாறவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது பலரும் அவசரமாக நாய் வாங்கத் தொடங்கியபோது, 'கிறிஸ்துமஸ்' என்ற சொல்லுக்குப் பதில் 'ஊரடங்கு' என்று தற்காலிகமாக மாற்றிக்கொண்டார்கள்.

மறுபக்கம்

இந்த எச்சரிக்கையின் தாக்கத்தால் பல காப்பகங்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் விலங்குகளைத் தத்து கொடுப்பதையே நிறுத்தி வைத்தன. இதை எதிர்த்து ஒரு குரல் அமெரிக்காவில் எழுந்தது. கலிபோர்னியாவின் ஹெலன் உட்வர்ட் விலங்குகள் மையத்தைச் சேர்ந்த மைக் ஆர்ம்ஸ் 1999-இல் அதற்கு நேர்மாறான இயக்கத்தைத் தொடங்கினார்: பண்டிகைக் காலத்தில்தான் தத்து கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். குடும்பம் நாய் வாங்க முடிவு செய்துவிட்டால் எப்படியும் வாங்கிவிடும். காப்பகம் கதவை மூடினால் அவர்கள் பண்ணைக்காரனிடம் போவார்கள், காப்பகத்து நாய்க்கு வீடு கிடைக்காது என்றார்.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வாதத்துக்கு வலு சேர்த்தது. நாயையோ பூனையையோ பரிசாகப் பெற்ற 222 பேரிடம் அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் விசாரித்தது. 86 சதவீத விலங்குகள் அதே வீட்டில்தான் இருந்தன. பரிசாக வந்ததால் பாசம் குறையவில்லை என்று 96 சதவீதத்தினர் கூறினர். சிலருக்குப் பாசம் கூடியும் இருந்தது. மீதமுள்ள 14 சதவீதமும் கைவிடப்பட்டவை என்று பொருளல்ல, இயற்கையாக இறந்தவையும் அதில் அடங்கலாம். அதேசமயம் இது 222 பேர் தாங்களாகச் சொன்ன பதில் மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. செல்லத்தைத் துரத்திவிட்டேன் என்று யார்தான் எளிதில் ஒப்புக்கொள்வார்?

சட்டம் சொல்லும் பாடம்

இந்த இரு தரப்புக்கும் நடுவே சட்டங்கள் ஒரு வழி காட்டுகின்றன. பிரிட்டனில் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செல்லப்பிராணி விற்பதைத் தடுத்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வயதை 16 ஆக்கியது. 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் 6 மாதத்துக்கு உட்பட்ட நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர்கள் வியாபாரமாக விற்க முடியாது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2021-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, நாயோ பூனையோ பெறுபவர் அதன் தேவைகளையும் செலவுகளையும் அறிந்ததாக ஓர் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அதன்பின் 7 நாள் கழிந்தே விலங்கு கைக்கு வரும். 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்கவும் அங்கே தடை.

கவனித்துப் பார்த்தால், இந்தச் சட்டங்கள் எதுவும் பரிசு கொடுப்பதைக் குற்றமாக்கவில்லை. அவசரத்தையும், முடிவெடுக்க முடியாத வயதையும், பொறுப்பில்லாத வியாபாரத்தையுமே குறிவைக்கின்றன.

எனவே யாருக்காவது செல்லப்பிராணியைப் பரிசளிக்க நினைப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். வாங்கிக்கொள்பவருக்கு இது முன்பே தெரியுமா? அந்த வீட்டில் தினமும் சோறு வைத்து, ஊசி போட்டு, வெளியே கூட்டிச்செல்லும் பெரியவர் யார்? குட்டி எங்கிருந்து வருகிறது, அதன் தாயைப் பார்க்க முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் பண்டிகை நாளும் நல்ல நாளே. இல்லையென்றால் பெட்டிக்குள் ஒரு கழுத்துப்பட்டையை மட்டும் வைத்துக் கொடுக்கலாம். பண்டிகை முடிந்தபின் குடும்பமே காப்பகத்துக்குப் போய் நிதானமாகத் தேர்ந்தெடுக்கட்டும். பட்டையைத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கும் வலிக்காது. நாய்க்கு வலிக்கும்.