முதுகு ஊசியும் ஒன்பது நாள் தலைவலியும்

முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் கையொப்பமிடத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் பெரியவர்களுக்குத் தண்டுவடம், முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, நீரும் நரம்பு இழைகளும் மட்டுமே உள்ள இடத்தில் இறங்குகிறது. இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் மருத்துவர்களை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று: தலைவலி.

1891ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஹென்ரிக் குவின்க்கே, மூளையில் நீர் தேங்கிய குழந்தைகளின் அழுத்தத்தைக் குறைக்க இம்முறையைக் கையாண்டார். ஏழாண்டுகள் கழித்து, அதே நகரின் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், அதே வழியாக மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தலாம் என எண்ணினார். 1898 ஆகஸ்டில் தம்மையே சோதனைக்குத் தந்தார். உதவியாளர் ஹில்டபிராண்ட் குத்திய ஊசியில் மருந்துக் குழாய் சரியாகப் பொருந்தவில்லை. தண்டுவட நீர் ஏராளமாக ஒழுகியது. பிறகு உதவியாளரின் முறை. அவருடைய கால்கள் மரத்தன. கணைக்கால் எலும்பில் சுத்தியலால் அடித்தும் வலிக்கவில்லை. இருவரும் மதுவோடும் சுருட்டோடும் வெற்றியைக் கொண்டாடினார்கள். மறுநாளிலிருந்து பியருக்குக் கடும் தலைவலி. எழுந்தால் வலி, படுத்தால் நிம்மதி. ஒன்பது நாள் படுத்த பிறகே தீர்ந்தது. நீர் ஒழுகியதே காரணமாக இருக்கலாம் என்று அவரே ஊகித்தார். அந்த ஊகம் சரிதான். சவ்வில் விழுந்த ஓட்டை வழியே நீர் கசிந்துகொண்டே இருந்தால் தலைவலி வருகிறது.

ஆக, ஓட்டையின் அளவும் வடிவமும்தான் விஷயம். 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்ட், விட்டேக்கர் இருவரும் பென்சில் முனை போன்ற ஊசியை அறிமுகப்படுத்தினர். அது சவ்வை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். 2018ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்த ஆய்வு, 110 சோதனைகளில் பங்கேற்ற 31,412 பேரின் விவரங்களைத் தொகுத்தது. வெட்டும் ஊசியால் தலைவலி வந்தவர்கள் 11 விழுக்காடு. புதிய வகையில் 4.2 விழுக்காடு.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? இடத்தைக் கண்டுபிடிக்க. பருத்த உடல், வளைந்த முதுகு, முன்பு அறுவை நடந்த முதுகு ஆகியவற்றில் விரலால் தடவி எலும்பிடைவெளியைக் காண்பது கடினம். 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அல்ட்ராசவுண்டு பார்த்துக் குத்திய 624 முறைகளில் 6 மட்டுமே தோல்வி. பார்க்காமல் குத்திய 610இல் 44. ஊசியில் இரத்தம் கலப்பதும் குறைந்தது. ஆனால் எந்தப் படமும் வெட்டும் முனையின் ஓட்டையைச் சிறிதாக்காது.

குத்துவதற்கு முன் தலையை சிடி ஸ்கேன் செய்வது வேறு. மூளையில் கட்டியோ வீக்கமோ இருக்கும்போது நீரை எடுத்தால் மூளை கீழே நழுவும் அபாயம் உண்டு. அது உயிரையே பறிக்கும். அதே சமயம், எல்லாருக்கும் ஸ்கேன் என்றால் நேரம் போகிறது. மூளையுறை அழற்சி என்று சந்தேகிக்கப்பட்ட 301 பெரியவர்களைப் பற்றி 2001இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஸ்கேன் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 மணி நேரம் கழித்தே நீர் எடுக்கப்பட்டது. எடுக்காதவர்களுக்கு 3 மணி நேரம். பாக்டீரியா மூளையுறை அழற்சியில் அந்த இடைவெளி சிறிதல்ல. அதனால்தான், ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போதே கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.