கைத்துப்பாக்கித் தேர்வு (இந்தியா)

இந்தியாவில் உரிமம் பெற்றவர் எந்தக் கைத்துப்பாக்கியை வாங்கலாம் என்பதை அவரது தேவைக்கு முன்பே சட்டம் வரையறுத்துவிடுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 மி.மீ. தோட்டா தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. தற்காப்புக்கு வாங்குவோர் பெரும்பாலும் 0.32 அங்குல ரகத்தையே நாடுகின்றனர். 2019 திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக 2 சுடுகலன்கள் வரையே வைத்திருக்கலாம்.

அடுத்த கேள்வி, ரிவால்வரா பிஸ்டலா என்பது. ரிவால்வரில் பெரும்பாலும் 6 தோட்டாக்களே கொள்ளும். ஆனால் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தாலே அடுத்தது வந்துவிடும். பிஸ்டல் தட்டையானது, விரைவில் நிரப்பக்கூடியது; எனினும் இடையில் சிக்கிக்கொண்டால் சரிசெய்யத் தனிப்பயிற்சி வேண்டும். எப்போதாவது மட்டுமே சுட்டுப் பழகுபவருக்கு ரிவால்வரே ஏற்றது.

எடை குறைந்த துப்பாக்கி கைப்பைக்கு வசதி, மணிக்கட்டுக்குச் சோதனை: பின்னுதைப்பு கூடுதலாக உணரப்படும். கான்பூரில் தயாராகி 2014இல் வெளிவந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் சுமார் 500 கிராம் எடையுள்ளது. பிடியைப் பற்றியபடியே சுட்டுவிரலின் நுனிச்சதை விசையை எட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விலைப்பட்டியலில் இது இராது. தற்காப்புக்கன்றி விளையாட்டுக்காக வாங்குவோருக்கோ, 25 மீட்டர் ஒலிம்பிக் போட்டிகளுக்கு 0.22 அங்குல பிஸ்டலே விதி.