தங்கவயலின் சுமைக்கணக்கு

பிரயாணம் போகிறவன் தன்னோடு எவ்வளவு சாமான் கொண்டு போகலாம் என்பது, மாட்டு வண்டிக் காலத்தில் வண்டிக்காரனும் அவனுடைய மாடுகளும் சேர்ந்து தீர்த்துவைத்த விவகாரம்; அதைச் சட்டமாகவும் அட்டவணையாகவும் ஆக்கிச் சுவரில் ஒட்டி, தராசு ஒன்றை நாட்டி, அதன் பக்கத்தில் ஓர் உத்தியோகஸ்தரையும் உட்கார வைத்தவை ரயில்வே கம்பெனிகளே. அந்த அட்டவணையைப் பின்னாளில் ஆகாய விமானக் கம்பெனிகள் சுவீகரித்துக்கொண்டு, கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்க்கும் தனிச் சாஸ்திரமாகவே வளர்த்துவிட்டன. இந்தச் சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் லண்டனிலோ பம்பாயிலோ தொடங்குவது வழக்கம். நான் கோலார் தங்கவயலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு: ஒரு மனிதன் கையில் என்ன கொண்டு வருகிறான், மடியில் என்ன கொண்டு போகிறான் என்பதை இத்தனை காலம், இத்தனை சந்தேகத்துடன் சோதித்துப் பார்த்த ஊர் தென்னாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது, இன்று பங்காரப்பேட்டை என்று வழங்கும் பௌரிங்பேட்டைக்குத் தெற்கே கிடந்த நிலம் கல்லும் முள்ளுமாகத்தான் இருந்தது. லவெல் என்ற ஐரிஷ்காரர், பட்டாள உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், 1873-இல் மைசூர் அரசாங்கத்திடம் சுரங்க உரிமை கோரியதும், 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே காலூன்றியதும் பலர் எழுதிய கதை. அதை நான் விரிக்கப் போவதில்லை. நமக்கு வேண்டுவது 1894-ஆம் வருஷம். அந்த ஆண்டிலேதான் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை பத்து மைல் நீளமுள்ள கிளைப் பாதை திறக்கப்பட்டது. அதுவரை மாட்டு வண்டிகளில் ஏறி வந்த கொதிகலன்களும் இரும்புச் சாமான்களும் அதன்பின் நேரே சுரங்க வாயிலுக்கே வந்து இறங்கின. அவற்றோடு மனிதர்களும் வந்து இறங்கினார்கள்.

அந்த மனிதர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும், மழை பொய்த்த ஊர்களிலிருந்தும் சாதிக் கொடுமை பொறுக்க முடியாத சேரிகளிலிருந்தும் கண்டிராக்டர்கள் திரட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள், ஒரு பாய், ஒரு மண்சட்டி, ஒரு துணிமூட்டை என்ற அளவிலான ஆஸ்தியுடன் மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் இறங்கி, கம்பெனி கட்டிக் கொடுத்த தட்டிக் குடிசை வரிசைகளில் புகுந்தார்கள். அந்த வரிசைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘லைன்’. இன்றைக்கும் உரிகத்தில் பிறந்தவரானாலும் சாம்பியனில் பிறந்தவரானாலும் தம் ஊரைச் சொல்லும்போது அந்தச் சொல்லைத் தொடாமல் சொல்வது அரிது. வந்த காலத்தில் அவர்களுடைய மூட்டையை நிறுக்க எந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அவசியம் நேர்ந்திராது. இலவச அளவின் எல்லையைத் தொடுமளவுக்கு யாரிடமும் சாமான் இல்லை. சுமை என்பது ஊருக்குத் திரும்பும் பிரயாணத்தில்தான் உண்டாயிற்று. பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் அறுவடைக்கும் சொந்த ஊர் போகிறவன், சம்பாதித்தவன் என்று ஊரார் கண்ணுக்குத் தெரியும்படி எதையாவது சுமந்துகொண்டுதானே போகவேண்டும்? புதுத் தகரப்பெட்டியும் அதனுள் துணியும் பாத்திரமும் அக்காலத்தில் அந்தச் செய்தியைச் சொல்லின. வளைகுடாவிலிருந்து திரும்புகிற இன்றைய தொழிலாளியின் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி சொல்லுவதும் அதே செய்திதான்.

கிளைப் பாதை திறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1890-ஆம் வருஷத்து இந்திய ரயில்வே சட்டம் பிரயாணியின் சாமானைப் பற்றி இரண்டு கண்டிப்பான வார்த்தைகளைச் சொல்லி வைத்திருந்தது. ரயில்வே ஊழியர் பதிவு செய்து ரசீது கொடுத்த சாமானுக்கு மாத்திரமே ரயில்வே பொறுப்பு என்றது 74-ஆம் பிரிவு. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட விலையுயர்ந்த பொருளானால் அதை முன்கூட்டியே அறிவித்து, கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமும் செலுத்தியிருந்தாலன்றித் தொலைந்ததற்கு ஈடு கிடையாது என்றது 75-ஆம் பிரிவு. அத்தகைய பொருள்களின் ஜாபிதாவில் முதலிடம் பொன்னுக்கும் வெள்ளிக்கும். ஆகவே தங்கவயலின் கிளைப் பாதையில் இருவகைச் சுமைகள் ஒரே தண்டவாளத்தின்மேல் ஓடின. ஒன்று, காவலோடும் கணக்கோடும் பம்பாய்த் துறைமுகம் சென்று, கப்பலேறி லண்டனை அடைந்த கம்பெனியின் தங்கக் கட்டி. மற்றொன்று, பொன்னை வெட்டி எடுத்தவனுடைய, பொன் இல்லாத மூட்டை.

இல்லாத பொன்னுக்கும் கணக்குக் கேட்கப்பட்டது. 1897-ஆம் ஆண்டின் மைசூர் சுரங்கச் சட்டம், தங்கம் கலந்த கல்லையோ கலவையையோ வைத்திருப்பவன் அது தனக்கு எப்படி வந்தது என்று தானே நிரூபிக்க வேண்டும் என்று விதித்தது. குற்றத்தை நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டுகிறவனைச் சேர்ந்தது என்னும் பொது நியாயம் சுரங்க வாயிலில் தலைகீழாயிற்று. பாறைக்குள் ஆயிரக்கணக்கான அடி இறங்கி எட்டு மணி நேரம் உழைத்து மேலே வந்தவன், வேட்டி மடிப்பையும் சோற்றுப் பாத்திரத்தையும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். திருட்டு நடக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை. நடந்தது, அதற்கு வாங்குவோரும் இருந்தனர். ஆனால் சிலர் திருடுகிறார்கள் என்பதற்காக அத்தனை பேரையும் திருடராகவே பாவிக்கிற முறை எத்தனை காலம் பொறுக்கப்படும்? 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவானபோது, தொழிற்சங்கமென்று ஒன்று முறையாக அமையாத நிலையிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்து, நாட்கணக்கில் சுரங்கங்களை நிறுத்திவிட்டார்கள்.

அதே காலத்தில் உலகத்தின் மறுகோடியில் வேறொரு தராசு தயாராகிக் கொண்டிருந்தது. ஆரம்பகால விமானத்தில் ஒவ்வொரு ராத்தலும் எண்ணெய்க்கும் உயிருக்கும் சம்பந்தப்பட்ட விஷயமாதலால், பெட்டியை மாத்திரமல்ல, பெட்டிக்கு உடையவரையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். பருத்த உடம்பினர் அந்த மேடையில் ஏறக் கூசியதைப் பற்றி ஹாஸ்யங்கள் உண்டு. நம் நாட்டில் 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த சிறு விமானம் தபால் மூட்டையை மாத்திரமே சுமந்தது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டு வந்தார். பிற்காலத்தில் விமானங்கள் பெருத்து, 1945-இல் ஹவானாவில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமும் தோன்றிய பிறகு, சாதாரண வகுப்புக்கு 20 கிலோ, முதல் வகுப்புக்கு 30 கிலோ என்ற அளவு உலகெங்கும் ஏறக்குறைய ஒரு தர்மம்போல நிலைத்தது.

ஆனால் தங்கவயல்காரர் கவனிக்க வேண்டிய விசேஷம் இந்த இருபதும் முப்பதும் அல்ல, 1929-ஆம் ஆண்டின் வார்ஸா உடன்படிக்கை. பதிவு செய்த பெட்டி தொலைந்தால் விமானக் கம்பெனி கொடுக்கவேண்டிய ஈட்டின் உச்ச அளவை அது கிலோ ஒன்றுக்கு 250 பிராங்க் என்று நிர்ணயித்தது. அந்தப் பிராங்க் கடையில் மாற்றும் நாணயம் அல்ல, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் மாற்றுள்ள 65.5 மில்லிகிராம் பொன்னுக்குச் சமமான ஒரு கணக்கு நாணயம். 1934-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் இந்தியாவும் இதை ஏற்றுக்கொண்டது. பெருக்கிப் பார்த்தால், தொலைந்த சாமான் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் சொக்கத்தங்கம் என்று ஆகிறது. இருபது கிலோ பெட்டிக்கு 295 கிராம் வரை. தங்கவயலின் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் ஐந்து கிராம்கூடத் தேறவில்லை. யாரோ ஒரு சீமான் விமானத்தில் தொலைத்த ஒரு கிலோ துணிக்கு ஈடு கட்ட வேண்டிய பொன்னுக்காக, சாம்பியன் சுரங்கத்தின் அடியில் மூன்று டன் கல்லை ஒருவன் பெயர்த்துத் தள்ள வேண்டியிருந்தது என்று இதை வாசித்துக்கொள்ளலாம். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கை பொன்னையும் கிலோவையும் விட்டுவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று மாற்றியது; இந்தியா அதில் சேர்ந்தது 2009-இல்.

இனி, அடிக்கடி பறப்பவருக்குக் காட்டும் சலுகைக்கு வருவோம். 1978-இல் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களின்மேல் வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது; போட்டி முற்றியது; 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், தன் விமானத்திலேயே திரும்பத் திரும்ப ஏறுகிறவர்களின் மைல்களை எண்ணிச் சன்மானம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மற்றக் கம்பெனிகள் பின்தொடர்ந்தன. நம் ஏர் இந்தியாவும் தொடர்ந்தது. 1997-இல் பல கம்பெனிகள் கூடி ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியை அமைத்தபோது, அதன் தங்க அட்டைக்காரர்—பெயரைக் கவனியுங்கள், இங்கேயும் தங்கம்தான்—எடைக் கணக்குள்ள வழித்தடங்களில் மற்றவரைவிட 20 கிலோ அதிகம் கொண்டு போகலாம் என்றாயிற்று. விமானத்தின் வயிற்றில் எப்படியும் காலியாகக் கிடக்கும் இடத்தைக் கொடுப்பதால் கம்பெனிக்கு நஷ்டம் சொற்பம். பெறுகிறவருக்கோ அது பெரிய கௌரவம். வேடிக்கை என்னவென்றால், மாதம் நாலு தடவை பறக்கும் உத்தியோகஸ்தர் ஒரு கைப்பையும் ஒரு மாற்றுச் சட்டையுமாகப் போகிறவர். அவருக்குத்தான் நாற்பது கிலோ. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பும் கூலிக்காரரோ, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக வாங்கிச் சேர்த்ததைக் கவுண்டரின் முன்னே பிரித்து, எதை விடுவது என்று திகைத்து நிற்கிறார்.

தங்கவயலில் அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்கள் என்றால் யார்? 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி, பின்னாளில் இச்சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் பொன் கொடுத்த பூமியில், சயனைடு மணற்குன்றுகளும் வேலையற்ற தொழிலாளரும் மிஞ்சினர். அவர்களுடைய பிள்ளைகள் அன்றுமுதல் விடியுமுன் எழுந்து, மாரிகுப்பத்தில் வண்டியேறி, 90 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த தூரத்திலுள்ள பெங்களூருக்குப் போய், கட்டடத்திலும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு, இரவில் லைனுக்குத் திரும்புகிறார்கள். ஞாயிறு நீங்கலாகக் கணக்கிட்டாலும் வருஷத்துக்கு அறுநூறு பிரயாணம் ஆகிறது. எந்த விமானக் கம்பெனியின் தங்க அட்டைக்காரர் இவர்களுக்கு ஈடாவார்?

இவர்களுக்கு ரயில்வே கொடுக்கும் அட்டையின் பெயர் சீசன் டிக்கெட். அதன் சுமை விதி, விமானக்காரரின் விதிக்கு நேர் எதிராக இருக்கிறது. ஒரே ஒருமுறை இரண்டாம் வகுப்பில் போகிறவர் 35 கிலோவும், குளிர்சாதன முதல் வகுப்பில் போகிறவர் 70 கிலோவும் இலவசமாகக் கொண்டு போகலாம். நாள்தோறும் இரண்டாம் வகுப்பில் போகும் சீசன்காரருக்கு அனுமதித்தது 10 கிலோ. ஆகாயத்தில் அடிக்கடி போகப் போகச் சுமை கூடுகிறது. பூமியில் அடிக்கடி போகப் போகக் குறைகிறது.

ரயில்வேயின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. மாதாந்தர சீசன் டிக்கெட்டின் விலை ஏறக்குறைய பதினைந்து தனிப் பிரயாணங்களின் கட்டணமே. ஐம்பது தடவை போகிறவர் அதைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் 35 கிலோ ஏற்றினால் உட்கார இடமிராது, வியாபாரச் சரக்கும் பிரயாணியின் சாமான் என்ற வேஷத்தில் ஓடத் தொடங்கும். 2009-இல் ஏழைகளுக்காக 25 ரூபாய் சீசன் டிக்கெட் கொண்டு வந்தபோதும், இளகியது கட்டணம்தான். ஆயினும் என் அபிப்பிராயத்தில் இந்த முரண்பாட்டின் வேர் கணக்கில் இல்லை. விமானக்காரனுக்குப் பக்கத்துக் கவுண்டரில் போட்டியாளன் இருக்கிறான். பிரயாணி கோபித்துக்கொண்டு அங்கே போய்விடக்கூடும் என்ற பயம் அவனைத் தாராளமாக்குகிறது. மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் பாதை ஒன்றே ஒன்று. அதிலே போகிறவர் பஸ்ஸுக்கு மாறினால் கூலியில் பெரும்பகுதி கட்டணத்துக்கே போய்விடும் என்பதை ரயில்வேயும் அறியும்.

நடைமுறையில் இந்தப் பத்துக் கிலோவை மாரிகுப்பத்து வண்டியில் நிறுத்துப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை; நிறுக்கும்படியான சுமையும் பலரிடம் இல்லை. சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில், மடித்த வேலைச் சட்டை, ஊர் திரும்பும்போது சந்தையில் மலிவாகக் கிடைத்த காய்கறி. சனிக்கிழமை இரவுகளில் மாத்திரம், பெங்களூரில் தவணையில் வாங்கிய மிக்ஸியோ மின்விசிறியோ ஒன்றிரண்டு பெட்டிகள் கதவோரத்தில் ஏறும். அதற்கு இடம் விடுவதா கூடாதா என்ற வழக்கை, டிக்கெட் பரிசோதகர் வருமுன்பே பக்கத்தில் நிற்பவர்களே தீர்த்துவிடுகிறார்கள்.