ஊடையைக் கவ்வும் கருவி

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் குடியேறிய தமிழருட் பலர் வட ஆர்க்காட்டினின்று வந்தோர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் பலர் அங்கேயே வாழ்கின்றனர். அப்பழைய மாவட்டத்துக் குடியாத்தமோ கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்றது. ஆதலின் நெசவின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

பாவினூடே ஊடையைச் செலுத்துவது நாடா. 1733-இல் இங்கிலாந்தின் ஜான் கே, கயிற்றை இழுத்தால் அது தானே பாயுமாறு செய்தார், நெசவு விரைந்தது. ஆயினும் நூல் சுற்றிய தாரையும் சுமந்தன்றோ நாடா ஓடியது! விசைத்தறியில் ஓரிழையைக் கடத்த ஏறத்தாழ அரைக் கிலோ கட்டையை எறிய வேண்டியிருந்தது.

நூலின் நுனியை மட்டும் கவ்விச் சென்றால் போதாதா என்று எண்ணியவர் ருடால்ஃப் ராஸ்மன். சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் 1953-இல் அத்தகைய தறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. சுமார் 40 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டினுள் ஒரு வில்லிடுக்கி. அது நுனியைப் பற்றிப் பாய்ந்து மறுபுறத்தில் விடுவிக்கும். நூற்கண்டோ தறியின் பக்கத்தில் அசையாதிருக்கும்.

இதில் நாம் இழந்ததும் ஒன்றுண்டு. நாடா திரும்பி வருவதால் துணியின் ஓரம் தானே மூடிக்கொள்ளும். குண்டு கொணரும் இழையோ ஒவ்வொரு முறையும் வெட்டப்படுகிறது; அந்நுனியைக் கொக்கியொன்று உள்ளே மடித்துச் செருகுகிறது. கைத்தறி என்று சொல்லி விற்கப்படும் லுங்கியை வாங்குமுன் அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பது நன்று.