சி. எஃப். ஆண்ட்ரூசும் பிஜி ஒப்பந்தக் கூலிமுறையும்

சார்லஸ் ஃப்ரியர் ஆண்ட்ரூஸ் (1871–1940) ஆங்கிலிக்கன் பாதிரியார். பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் சர்க்கரை ஆலைகளிலும் உழன்ற இந்தியக் கூலிகளின் விடுதலைக்கு முதன்மைக் காரணமானவர். மக்கள் அவரைத் தீனபந்து என்றனர்.

பிஜிக்கு முதல் கூலிக்கப்பலான லியோனிடாஸ் 1879இல் கல்கத்தாவிலிருந்து போய்ச் சேர்ந்தது. சென்னைத் துறைமுகத்தில் ஆளேற்றுவது 1903இல் தொடங்கியது. இவ்வழியே சென்றவர்களுள் வேலூர், ஆம்பூர் பகுதிகளை உள்ளடக்கிய அன்றைய வட ஆர்க்காட்டு மக்கள் கணிசமானோர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. நாட்கூலி ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அளந்துவிட்ட வேலையை முடிக்காதவருக்கு அதுவும் முழுதாகக் கிடைக்காது. வேலைக்கு வராதது குற்றவழக்காகி அபராதமும் சிறையும் விதிக்கப்பட்டன. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆளெடுத்து, லைன் வீடுகளின் சிற்றறைகளில் அடைத்தனர். பெண்கள் பட்ட துயரத்துக்கு இந்தக் கொடிய கணக்கே வேர். பாரதியார் பாடியதும் பிஜியில் இந்தியப் பெண்கள் பட்ட இத்துயரத்தைத்தான்.

ஆண்ட்ரூஸ் 1904இல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 1906இல் சுசில் குமார் ருத்ரா என்ற இந்தியரே முதல்வராக வேண்டும் என வாதிட்டு வென்றார். 1914இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காந்தியின் பாதம் தொட்டு வணங்கியது அங்கிருந்த வெள்ளையரைக் கொதிக்கச் செய்தது. அதே ஆண்டு, திருச்சபைக் கோட்பாடுகள் சிலவற்றை ஏற்க முடியாமல் குருப்பணியை விட்டார். 1936இல்தான் மீண்டும் ஏற்றார்.

1915 இறுதியில் நண்பர் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனுடன் பிஜி சென்று, தோட்டம் தோட்டமாக விசாரித்தார். மறு ஆண்டு வெளியான அறிக்கை, அங்கு மலிந்த தற்கொலைக்கும் கொலைக்கும் கூலிகளின் குணத்தையல்ல, முறையையே பொறுப்பாக்கியது. மெதடிஸ்ட் ஊழியர் ஜே. டபிள்யூ. பர்ட்டன் 1910இலேயே இக்கொடுமைகளை எழுதியிருந்தும் அரசு அசையவில்லை. 1916 மார்ச்சில், இம்முறையை ஒழிக்கக் கோரி மத்திய சட்டமன்றத்தில் மதன் மோகன் மாளவியா கொண்டுவந்த தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்சு ஏற்றார். எனினும் மேலும் ஐந்தாண்டு ஆளனுப்ப லண்டன் எண்ணியிருப்பதை அறிந்த ஆண்ட்ரூஸ் நாடெங்கும் எதிர்ப்பைத் திரட்டினார். 1917 மார்ச்சில் ஆளெடுப்பு நின்றது. அவ்வாண்டே மீண்டும் பிஜி சென்றார். எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.



பிஜியிலேயே தங்கிவிட்ட தென்னிந்தியர் 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினர். அதன் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன.