கடற்குதிரை வாங்குமுன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலருக்குக் கடற்குதிரையில் ஓர் ஆசை உண்டு. கரையோர ஊர்களில் பிறந்த எங்களுக்கு அந்த ஆசை இன்னும் கொஞ்சம் கூட. வலை உதறும்போது கடற்புல்லோடு சேர்ந்து விழுந்த கடற்குதிரையைச் சிறுவயதில் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அதையே ஒரு வெளிநாட்டுக் கடையின் கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு காணும்போது வாங்கத் தோன்றுவது இயல்பு.

ரொறன்ரோவில் ஏழு வருடமாகக் கடற்குதிரை வளர்க்கிறேன். தெரிந்தவர்கள் என்னிடம் விலையையும் தொட்டியின் அளவையும் கேட்பார்கள். கடைக்காரரிடம் முதலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள் என்பதுதான் என் பதில். இது எங்கே பிறந்தது? செத்த இரையைத் தின்கிறதா? வீட்டுக்கு வந்தபின் நாம் எடுக்கும் கவனத்தைவிட, இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலே அதன் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

எங்கே பிறந்தது?

கடலில் பிடித்த கடற்குதிரை உயிருள்ள இரையை மட்டுமே அறிந்தது. உறைந்த இறாலைப் போட்டால் அதை இரையென்றே எண்ணாது. ஒட்டுண்ணிகளோடும் வலையில் பட்ட காயங்களோடும் வரும். பல, சில வாரங்களில் பட்டினியால் இறந்துபோகும். பண்ணையில் பிறந்தது குஞ்சுப் பருவம் முதல் தொட்டிக்கும் உறைந்த இரைக்கும் பழகியிருக்கும். விலை கூடத்தான். ஆனால் நான்கைந்து வருடம் வாழக்கூடிய உயிருக்கு அது நட்டமல்ல.

“பண்ணையில் வளர்ந்தது” என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். கடலில் குஞ்சாகப் பிடித்துக் கூண்டில் வளர்த்ததையும் அப்படிச் சொல்லி விற்பதுண்டு. பண்ணையிலேயே பிறந்ததா, உறைந்த இரையில் வளர்ந்ததா என்று கேளுங்கள். வட அமெரிக்காவில் புதியவர்களுக்கு ஏற்றது வரிக் கடற்குதிரை. இயற்கையில் கனடாவின் நோவா ஸ்கோசியாவிலிருந்து தெற்கே அத்திலாந்திக் கரையெங்கும் வாழ்வது. அமெரிக்கப் பண்ணைகளில் பல தலைமுறையாகப் பெருக்கப்படுகிறது. எங்கள் கடலில் உள்ள ‘குடா’ இனமும் ஆசியப் பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது. குடா என்றால் மலாய் மொழியில் குதிரை.

இந்தக் கேள்விக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடற்குதிரையால் வேகமாக நீந்தித் தப்ப முடியாது. ஆபத்து வந்தால் வாலால் கடற்புல்லை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அடிமட்ட இழுவைமடி வரும்போது புல்லோடு சேர்ந்து அதுவும் போய்விடும். பாக்கு நீரிணையில் றோலர்கள் எங்கள் மீனவர்களின் வலைகளை மட்டும் அழிக்கவில்லை, இந்தப் புல்வெளிகளையும் வழித்துக்கொண்டு போகின்றன. இந்தியா 2001 இல் கடற்குதிரை பிடிப்பதைத் தடைசெய்தது. 2004 மே மாதம் முதல் எல்லா இனங்களின் சர்வதேச வர்த்தகமும் சைற்றிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இலங்கை 2017 இல் அடிமட்ட இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. இருந்தும் காய்ந்த கடற்குதிரைகள் சீன மருந்துக்காகக் களவாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அலங்காரத் தொட்டிக்குப் போவது இந்த வர்த்தகத்தில் சிறு பங்குதான். அந்தப் பங்கிலாவது நாம் சேராமல் இருக்கலாம்.

செத்த இரையைத் தின்கிறதா?

கடைக்காரரை உங்கள் கண்முன்னே இரை போடச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். ஆரோக்கியமான கடற்குதிரையின் இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்று இரையைத் தேடும். பிறகு குழாய் போன்ற வாயால் ‘சடக்’ என்று உறிஞ்சும். வயிறு உள்வாங்கியிருக்கக் கூடாது. வால் எதையாவது சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தோலில் வெண்திட்டு, மூக்கில் வீக்கம், வேகமான மூச்சு, மேலே மிதந்துகொண்டே இருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

கடற்குதிரைக்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. தின்றது விரைவாக வெளியேறிவிடும். ஆகவே நாளுக்கு இரண்டு மூன்று தடவை இரை வேண்டும். முக்கிய உணவு, எங்கள் கூனி இறாலைப் போலச் சிறிதான மைசிஸ். உறைந்த கட்டியாகக் கிடைக்கும். உருக்கி, அலசிப் போடுங்கள். ஆட்டீமியா இறாலில் சத்துக் குறைவு, அதை மட்டும் நம்பக் கூடாது. மிஞ்சிய இரையை அன்றே அகற்றுங்கள்.

தொட்டி

அகலத்தைவிட உயரம் முக்கியம். சோடிகள் ஒன்றையொன்று சுற்றி மேலெழுந்து ஆடும். அதற்கு 45 சென்ரிமீற்றராவது உயரம் வேண்டும். ஒரு சோடிக்கு 110 லீற்றர் போதும். தொட்டியை அமைத்ததும் உயிரை விடாதீர்கள். கழிவைச் சிதைக்கும் பக்ரீரியா வளர ஆறு வாரமாவது ஆகும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். நீரின் சாரடர்த்தி 1.022 முதல் 1.025 வரை.

வரிக் கடற்குதிரைக்கு 22 முதல் 24 பாகை செல்சியஸ் பொருத்தமானது. வெப்பம் கூடினால் விப்ரியோ பக்ரீரியா பெருகி, தோலும் வாலும் அழுகும். வாலால் பிடிக்கச் செயற்கைப் புல்லோ, கொட்டாத மென்பவளமோ வையுங்கள். வெப்பமூட்டிக்கு உறை போடுங்கள், இல்லாவிட்டால் அதையே சுற்றிப் பிடித்துச் சுட்டுக்கொள்ளும். பம்பியின் உறிஞ்சும் வாயைப் பஞ்சால் மூடுங்கள்.

வேகமாகத் தின்னும் மீன்களோடு விட்டால் கடற்குதிரைக்கு இரை மிஞ்சாது. கோமாளி மீன், கடற்சாமந்தி, நண்டு எதுவும் வேண்டாம். நத்தைகள் நல்ல துணை. கடலில் பிடித்ததையும் பண்ணையில் பிறந்ததையும் ஒரே தொட்டியில் விடவே கூடாது. ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதைக் கொல்லும்.

ஆண்தான் கருவைச் சுமக்கும். பெண் அதன் பையில் முட்டையிட, இரண்டு முதல் நான்கு வாரத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிவரும். அவற்றுக்கு நாள் முழுதும் நுண்ணிய உயிர் இரை வேண்டும். அதற்கு ஆயத்தமில்லாவிட்டால் ஆணும் பெண்ணுமாக வாங்காமல் ஒரே பாலில் இரண்டை வாங்குங்கள். தனியாகவும் விடாதீர்கள்.

ஊரில் வளர்க்க விரும்புபவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் நைத்திரேற்றும் கூட. அதில் உப்புக் கரைத்துப் பாவிக்க வேண்டாம். ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரை எடுங்கள். ஆவியாகிக் குறையும் நீருக்கு நன்னீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. எங்கள் வெயிலுக்கு மின்விசிறி இரண்டு மூன்று பாகையைத்தான் குறைக்கும். நீர்குளிரூட்டி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

மின்வெட்டையும் யோசியுங்கள். 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. தொண்ணூறுகளைக் குப்பி விளக்கோடு கடந்த எங்களுக்கு இருட்டு புதிதல்ல. கடற்குதிரைக்கும் இருட்டால் ஆபத்தில்லை, நீரில் ஓட்சிசன் குறைவதுதான் ஆபத்து. பற்றறியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒழுங்குசெய்தபின் கடைக்குப் போங்கள். இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கேனும் கடைக்காரர் மழுப்பினால் வெறுங்கையோடு திரும்புங்கள். ஆயத்தமான தொட்டி இன்னும் ஒரு மாதம் காத்திருந்தாலும் கெட்டுப்போகாது.